தனியே கயிற்றில் ஏறுகிறவர் கவனத்துக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். வார நாட்களில் பாறை ஏற உடன் வர ஆள் கிடைப்பதில்லை. மேலே கட்டிவிட்ட கயிற்றில், ஏறும்போது தானாக நகர்ந்து விழும்போது பிடித்துக்கொள்ளும் கருவியை மாட்டித் தனியாகவே பழகுகிறேன். விபத்து அறிக்கைகளைப் படித்தால் பயம்தான் மிஞ்சுகிறது. அவற்றிலிருந்து உருப்படியாக எதைக் கற்றுக்கொள்வது?

– வாசகர், சாக்ரமெண்டோ

பதில்: படிப்பதை விட்டுவிடாதீர்கள், படிக்கும் முறையை மாற்றுங்கள். அமெரிக்கன் ஆல்பைன் கிளப் 1948 முதல் விபத்து அறிக்கைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. நடந்ததை முதலில் சொல்லி, அலசலைப் பின்னால் வைப்பது அவர்கள் வழக்கம். அலசல் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். எந்த இடத்தில் இன்னொரு பிடிப்பு இருந்திருந்தால் விழுந்தவர் உயிரோடு இறங்கியிருப்பார் என்று நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள்.

அப்படிப் படிக்கையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவது கஷ்டமான ஏற்றமல்ல, இறக்கம். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொட்ரேரோ சிக்கோவில் பாறையேற்ற வீரர் பிராட் காப்ரைட் இறந்தார். கூட்டாளியும் அவரும் ஒரே கயிற்றின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். நுனிகளில் முடிச்சு இல்லை. அவர் பக்கம் கயிறு தீர்ந்துபோயிற்று. 2025 அக்டோபரில் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டனில் 23 வயது பாலின் மில்லர், நீங்கள் செய்வதைவிடப் பல மடங்கு கடினமான தனி ஏற்றத்தை முடித்திருந்தார். சிக்கிய மூட்டையை விடுவிக்க இறங்கியபோது கயிற்றின் நுனியைத் தாண்டிவிட்டார் என்றன செய்திகள். இருவரும் தேர்ந்த கைகாரர்கள். நுனியில் ஒரு முடிச்சு போட அரை நிமிடம் ஆகாது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

உடன் ஆள் இருந்தால் அவர் உங்கள் முடிச்சைப் பார்ப்பார், நீங்கள் அவருடையதைப் பார்ப்பீர்கள். தனியே ஏறும்போது அந்த இரண்டாவது கண் இல்லை. அந்த இடத்தைக் கருவியாலும் பழக்கத்தாலும்தான் நிரப்ப வேண்டும்.

ஒரே கருவியை நம்பாதீர்கள். மைக்ரோ டிராக்ஷன் போன்ற பல் வைத்த கருவிகளில், பல்லைத் திறந்தபடியே நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அது அப்படியே நின்றுவிட்டால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகத்தான் தெரியும். கயிறோ இரு பக்கமும் தடையின்றி ஓடும். அதனால் மாட்டியவுடன் கருவியைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். கருவி கீழே நகரக் கூடாது. பிறகு தரையிலேயே உட்கார்ந்து முழு எடையையும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கருவியையும் இப்படியே சோதியுங்கள். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: தொய்வோடு விழுந்தால் பல் கயிற்றின் உறையையே கிழித்துவிடக்கூடும். கயிற்றின் அடியில் சிறு எடை கட்டினால் கருவி தடங்கலின்றி நகரும். அவ்வப்போது உங்களுக்குக் கீழே கயிற்றில் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டே ஏறுங்கள். இரு கருவிகளும் கைவிட்டாலும் அது தாங்கும்.

பல் வைத்த கருவியை எடை தொங்கும்போது விடுவிக்க முடியாது. பாதி வழியில் கை ஓய்ந்து தொங்கினால் இறங்குவது எப்படி? காலுக்கு ஒரு வார் மாட்டி எழுந்து எடையைக் குறைத்து, இறங்கும் கருவிக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலேயே இதைப் பலமுறை செய்து பழகுங்கள். இது கைவராதவரை தனியே உயரம் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொன்று: மயிரிழையில் தப்பிய உங்கள் சம்பவங்களையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். பூட்டாமல் விட்ட கேரபினர், கூர்மையான விளிம்பில் உரசிய கயிறு, எதுவானாலும் சரி. அந்தக் குறிப்பேடு உங்களுக்கு வேறு எந்த அறிக்கையைவிடவும் பயன்படும்.

ஏறப்போகும் பாறையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குமேல் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் 911-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.