சூட்டில் இறங்கும் சுருதி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் செல்லும் சாலையில் உங்களில் சிலர் போயிருப்பீர்கள். இராமானுசர் பிறந்த ஊர் என்றே நெடுங்காலம் அறியப்பட்ட இந்த வட்டாரத்தில் இன்று கைப்பேசி ஆலைகளும் கார், லாரி ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. மின்னணுப் பலகைகளைப் பொருத்தும் கூடத்தினுள் வெப்பநிலை, ஈரப்பதம், தூசி மூன்றும் கட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கும். பலகையைத் தொடுகிறவர் தம் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்திருப்பார். அவர் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் சில்லுகளைச் சுட்டுவிடாமல் அது தரைக்கு வடித்துவிடும்.

இப்போது அதே சாலையோரச் சிற்றூர் ஒன்றில் சித்திரைத் திருவிழா நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பகல் முழுதும் வெயிலில் நின்ற வேனிலிருந்து மெல்லிசைக் குழுவின் கீபோர்டும் ரிதம் பேடும் இறக்கப்படுகின்றன. அவற்றுக்குள் இருப்பவையும் மின்னணுப் பலகைகள்தாம். ஆனால் இங்கே குளிரூட்டி ஏது? தகரப் பந்தல், காற்றில் புழுதி, பின்னால் உறுமும் ஜெனரேட்டர். ஒலிபெருக்கியைப் போட்டதுமே, யாரும் வாசிக்காமல், 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை கிளம்புகிறது. குழல் வாசிப்பவர் கீபோர்டோடு சேர்ந்து ஊதிப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

மின்னணு இசை என்றால் பொத்தானை அழுத்தியதும் தானே வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

வீணையின் தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும்; பிரடையைத் திருகிச் சரிசெய்வோம். தந்தியே இல்லாத கருவியில் சுருதி எப்படிக் கலையும்? இதை அறிய, இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடங்களில் ஒன்றுக்குப் போய் வருவோம்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் 1964-இல் மின்னழுத்தத்தால் இயக்கப்படும் இசைக் கருவி ஒன்றை உருவாக்கினார். மூக் சிந்தசைசர் என்று அது புகழ்பெற்றது. அத்தகைய கருவி ஒன்று 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவப்பட்டது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து அதை அமைத்துத் தந்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை படைத்தனர். சில ஆண்டுகளிலேயே அக்கூடம் ஓய்ந்துவிட்டது. பதிவு நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

அந்தக் கருவியில் நினைவகம் கிடையாது. அலையியற்றி, வடிகட்டி, பெருக்கி எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். தொலைபேசி இணைப்பகத்தைப் போலக் கம்பிகளைச் செருகி அவற்றை இணைக்க வேண்டும். அரும்பாடுபட்டு ஒரு நல்ல ஒலியைக் கண்டுபிடித்த பின் கம்பிகளைப் பிடுங்கினால் அந்த ஒலி போயிற்று! குறித்து வைத்தால்தான் உண்டு. குறித்ததை வைத்து மறுபடி அமைத்தாலும் அச்சாக அதே ஒலி வருமா என்பது ஐயமே. ஒலிகளைக் கோக்க நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டுவது அக்கால வழக்கம். நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடினால், அரை விநாடித் தாளத்துக்கு 19 சென்டிமீட்டர். தாளத்தை அளவுகோலால் அளந்தார்கள் என்றால் மிகையில்லை.

இனிச் சுருதிக்கு வருவோம். மூக் கருவியில், கொடுக்கும் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இந்த இரட்டிப்பு வேலையைச் செய்வது ஒரு டிரான்சிஸ்டர். டிரான்சிஸ்டருக்கு ஓர் இயல்பு உண்டு. 27 டிகிரி செல்சியசில் அதன் உள்ளீட்டில் சுமார் 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும். எனவே 1 வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்து அதற்குக் கொடுக்கிறார்கள். எளிதான ஏற்பாடுதான்!

ஆனால் அந்த 18 மில்லிவோல்ட் என்பது நிலையான எண் அன்று. கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அது மாறும். 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். 37 டிகிரி என்பது 310 கெல்வின். சூடு பத்து டிகிரி ஏறியதும் இரட்டிப்புக்குச் சுமார் 18.5 மில்லிவோல்ட் தேவைப்படுகிறது. கருவியோ பழைய 18-ஐயே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பகுப்பது இசையியல் வழக்கம். அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட். அடிச் சட்ஜத்திலிருந்து மூன்று ஸ்தாயி மேலே உள்ள சட்ஜம் 3600 சென்ட் தொலைவில் இருக்கவேண்டும். இப்போது கிடைப்பதோ 3600-ஐ 300-ஆல் பெருக்கி 310-ஆல் வகுத்தது, அதாவது 3484 சென்ட். 116 சென்ட் குறைவு! மேல் சட்ஜம் என்று எண்ணி அழுத்திய கட்டையில், காகலி நிஷாதத்துக்கும் சற்றுக் கீழான ஒலி வருகிறது. கீழ்ச்சுரங்களைவிட மேல்சுரங்கள் அதிகம் இறங்குவதால், மொத்தமாகத் தூக்கி வைத்தும் சரிசெய்ய முடியாது. தந்தி தளர்வதைக் காட்டிலும் இது பொல்லாத தளர்ச்சி.

பொறியாளர்கள் இதற்கு இரண்டு மாற்று வழிகள் கண்டார்கள். சூடு ஏற ஏறத் தன் மின்தடையும் அதே விகிதத்தில் ஏறும் மின்தடை ஒன்றை டிரான்சிஸ்டரை ஒட்டினாற்போல் வைத்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும். இரண்டாவது வழி வேடிக்கையானது. டிரான்சிஸ்டருக்குக் குளிர்ச்சி தேவை என்றுதானே நினைப்போம்? அவர்கள் அதைச் சூடாக்கினார்கள்! சுற்றுப்புறத்தைவிட அதிகமான ஒரு நிலையான வெப்பநிலையில் சில்லையே ஓர் அடுப்பில் வைத்தாற்போல வைத்துவிட்டால், வெளியே வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அதற்குக் கவலை இல்லை. அப்படியும் கச்சேரிக்கு அரை மணி முன்பே கருவியைப் போட்டுச் சூடாக விடுவதும், பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்ப்பதும் அக்காலக் கலைஞர்களின் அன்றாட வேலையாயின.

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதும் இதன் இனமே. (32,768-ஐப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், ஏன் அந்த எண் என்பது விளங்கும்.) வெப்பத்தால் படிகத்தின் அதிர்வெண் மாறுவது பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளே, எந்தச் செவிக்கும் அது தெரியாது. 1970-களின் இறுதியில் பெங்களூர்ப் பொறியாளரும் குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கியபோதும், சுருதி நிற்கவேண்டும் என்பதே முதல் தேவை. நிற்காத தம்பூராவை யார் வாங்குவார்?

அப்படியானால் நம் குழல் கலைஞர் ஏன் முகம் சுளித்தார்? இம்முறை விலகியது கீபோர்டு அன்று, குழல்! காற்றில் ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குழலினுள் காற்று 27-லிருந்து 37 டிகிரிக்குச் சூடேறினால் சுருதி சுமார் 28 சென்ட் உயரும். ஊதுகிறவரின் மூச்சே வெதுவெதுப்பானது என்பதால் உண்மையில் ஏற்றம் இதைவிடக் குறைவு. ஆனாலும் செவிக்கு எட்டும். மூக் கருவி சூட்டில் இறங்கும், குழல் சூட்டில் ஏறும், படிகம் அசையாது. மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்து அந்த 'ம்ம்ம்'. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை திசைமாறிச் சுழலும் மாறுமின்னோட்டம். கருவிக்குள் அது நேர்மின்னோட்டமாக்கப்படும்போது 100, 200, 300 ஹெர்ட்ஸ் என மிச்ச அலைகள் உண்டாகும். வடிகட்டும் மின்தேக்கி பழுதானால் அவை ஒலியில் கசியும். பல பாடகியர் பாடும் ஐந்து கட்டைச் சுருதியின் சட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அதனோடு 200 ஹெர்ட்ஸ் இரைச்சல் சேர்ந்தால் விநாடிக்கு நான்கு விம்மல்கள்! தம்பூராவுக்குப் போட்டியாக மின்வாரியமும் ஒரு சுருதி போடுகிறது என்று வையுங்கள்.

இரைச்சலுக்கு இன்னொரு காரணம், மேடையில் பெரும்பாலும் இதுவே காரணம், எர்த் வளையம். கீபோர்டு ஒரு பிளக்கிலும், தொலைவில் உள்ள மிக்சர் வேறொரு பிளக்கிலும் எர்த் ஆகியிருக்கும். இரண்டையும் ஒலிக் கம்பியின் உறையும் இணைக்கிறது. ஆக ஒரு பெரிய கம்பி வளையம் உருவாகிவிட்டது. வளையத்தை மாறும் காந்தப்புலம் வெட்டினால் மின்னோட்டம் தூண்டப்படும் என்ற ஃபாரடே விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அந்த விதி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. இங்கே மேடையில் முனகிக்கொண்டிருக்கிறது.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல வழி. ஒலியை இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிரான அலைகளாக அனுப்பி, மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் நீங்கிவிடும். இது மற்றொரு வழி. 1983-இல் வந்த மிடி என்னும் இணைப்பு முறை இன்னும் அழகானது. ஒரு கருவியின் கட்டளை மற்றொன்றுக்குள் நுழையுமிடத்தில் சிறு ஒளியுமிழ் டையோடும் ஒளியுணர் டிரான்சிஸ்டரும் உள்ளன. செய்தி ஒளியாகத் தாண்டுகிறது, மின்சாரம் தாண்டுவதில்லை, வளையமே உண்டாவதில்லை.

ஆனால் நம் மேடைகளில் சிலர் செய்யும் வழி வேறு. பிளக்கின் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த் முள்ளை, கழற்றி எறிந்துவிடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும், மெய்தான். கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும் என்பதும் மெய். கை கிடார்த் தந்தியில், உதடு மைக்கில் என்று நிற்கும் கலைஞரின் உடல் வழியே மின்சாரம் தரையைத் தேடும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். முனகல் கேட்டால் காதுக்குத்தான் துன்பம். உங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் யாரேனும் அந்த முள்ளைத் திருக வந்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது. மேடைக்கு வரும் வழியில் அது இருக்கட்டும்.

ஆலைத் தொழிலாளியின் மணிக்கட்டுப் பட்டையை நினைவிருக்கிறதா? அதுவும் எர்த்தோடுதான் இணைகிறது. ஆனால் நடுவே பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்று உண்டு. நிலைமின் மெல்ல வடிய அது வழிவிடும். தவறிப்போய் அவர் கை 230 வோல்ட்டில் பட்டாலும் அவர் வழியே ஓடுவது கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு.

திருவிழா மேடையில் மணி ஏழாகிவிட்டது. ஜெனரேட்டர் இணைப்பை ஒரே பலகைக்குக் கொண்டுவந்ததும் முனகல் அடங்கிவிட்டது. குழலை வெட்டி நீட்ட முடியாதாகையால், கீபோர்டுக்காரர் நுண்சுருதிப் பொத்தானை அழுத்தித் தம் கருவியைச் சில சென்ட் உயர்த்திக்கொள்கிறார். இரவு பத்து மணிக்குக் காற்று குளிரும்போது அதே பொத்தானை மறுபக்கம் அழுத்தவேண்டி வரும்.