கெண்டல் புகையிலையை உலர்த்திப் பிடியுங்கள்

புகைமணம் ஏறிய ஆங்கிலக் கலவையைச் சுங்கானில் பிடித்துப் பார்க்கப் போகிறீர்களா? நான் சொல்ல ஒரே விதிதான் உண்டு. பற்றவைக்கும் முன் உலர்த்துங்கள். மற்றதெல்லாம் கை தானே பழகிக்கொள்ளும்.

நான் பேசுவது ஸ்குவாட்ரன் லீடர் என்ற கலவையைப் பற்றி. இங்கிலாந்தின் வடமேற்கே, கெண்டல் ஊரில் 1792-இல் தொடங்கிய சாமுவேல் காவித் நிறுவனத்தின் சரக்கு அது. மூன்று வகை இலை அதில் சேர்கிறது. வர்ஜீனியா இனிப்பைத் தரும். ஓரியண்டல் என்னும் சிறிய துருக்கி இலை லேசான புளிப்பையும் காய்ந்த மூலிகை வாசனையையும் தரும். மூன்றாவது லட்டாக்கியா. பெயர் சிரியாவின் துறைமுக நகரத்துடையது, ஆனால் இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் சைப்ரஸ் இலை. வெயிலில் காயவைத்த இலையை மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, மிர்ட்டில், மாஸ்டிக், பைன் போன்ற வாசனை மரங்களை எரித்து வாரக்கணக்கில் புகை போடுவார்கள். இலை கன்னங்கரேலென்று ஆகிவிடும். வனிலா, செர்ரி என்று மேலே எதையும் தெளிக்காமல் இலையின் குணத்தையே நம்புவதுதான் ஆங்கிலக் கலவையின் மரபு.

புகை போட்ட இலை எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் தென்னம் பொச்சு எரித்துப் புகையிலைக்குப் புகை போட்ட ஊரில் வளர்ந்தவன் நான். அப்பு அந்த இலையில் சுற்றிய சுருட்டைத்தான் பத்துவார். அதனால் லட்டாக்கியா டின்னைத் திறந்ததும் மற்றவர்கள் முகம் சுளிக்கிற இடத்தில் நான் சுளிக்கவில்லை. பொச்சுப் புகை தடிப்பானது, தொண்டையில் நிற்கும். சைப்ரஸ் புகையில் மரப்பிசின் வாசனையும் சாம்பிராணிச் சாயலும் உண்டு. இரண்டும் வேறு வேறு என்பதை என் மூக்கு உடனே பிரித்துச் சொன்னது.

அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டும் பல மாதம் நான் இந்தக் கலவையின் ருசியை அறியாமல் கிடந்தேன். காரணம் எனக்குக் கிடைத்த புத்திமதி. லண்டனில் எனக்குப் புகையிலை விற்ற கடைக்காரர், "ஈரம்தான் புதுமை. திறந்த கையோடு பிடியுங்கள், காய விடாதீர்கள்" என்றார். கெண்டல் புகையிலை இயல்பாகவே நல்ல ஈரத்தோடு வரும். அது பெட்டிக்குள் இலை கெடாமல் பதப்பட வைக்கும் ஈரம், அப்படியே கொளுத்துவதற்கான ஈரம் அல்ல. கடை நடத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னபடியே செய்தேன். தீக்குச்சி மேல் தீக்குச்சி கிழித்தும் நெருப்பு நிற்கவில்லை. நிற்காததால் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. இழுக்க இழுக்க உள்ளிருந்த நீர் கொதித்து ஆவியாக நாக்கில் பட்டது. தண்டுக்குள் தண்ணீர் களகளவென்றது. வாயில் மிஞ்சியது சாம்பல் கசப்பும் பொசுங்கிய நாக்கும்தான். அதன் பிறகு சாப்பிட்ட ரசத்தில் புளிப்புக்கூடத் தெரியவில்லை.

சுங்கானில் தேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, உங்களுக்குச் சுருட்டுத்தான் சரிவரும்" என்றார். அதோடு விடாமல், இலை காயாதிருக்க டின்னுக்குள் ஆப்பிள் துண்டு போடச் சொன்னார். ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய டின் ஒன்று அதனால் வெண்பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது. அந்த டின் எனக்கு இன்னும் ஆறவில்லை. புகை போட்ட இலையைப் பரம்பரையாகக் கையாண்ட வீட்டுப் பிள்ளைக்கு ருசி தெரியாது என்ற அந்தப் பேச்சும் ஆறவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஒரு தடவைக்குத் தேவையான இலையைக் காகிதத்தில் பரப்பி ஒரு மணி நேரமாவது விடுகிறேன். விரலால் அழுத்தினால் கட்டியாக ஒட்டக் கூடாது, நொறுங்கவும் கூடாது, மெல்ல விரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், வாசனை பறந்துவிடும். நிரப்புவது எளிது: அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக. முதல் நெருப்பில் இலை எழும்பும், அமுக்கிவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.

ருசிக்கு வருகிறேன். முதல் மூன்றில் ஒரு பங்கில் லட்டாக்கியா முன்னே நிற்கும்: விறகு, பிசின், பழைய தோல். ஆனால் டின் மிரட்டிய அளவுக்கு மிரட்டாது. நடுப்பகுதிதான் இந்தக் கலவையின் உயிர். புகை ஒதுங்கி ஓரியண்டலின் புளிப்புக்கும் வர்ஜீனியாவின் வைக்கோல் இனிப்புக்கும் வழிவிடும். கொஞ்சம் புகையை மூக்கு வழியே விட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கடைசியில் இனிப்பு கறுத்து மிளகுக் காரம் எட்டிப் பார்க்கும். நிகோட்டின் எனக்கு நடுத்தரமாகவே பட்டது. லட்டாக்கியா போதவில்லை என்பவர்கள் நைட்கேப் என்ற கலவைக்குப் போகலாம். அதில் லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக் இலையும் உண்டு.

இந்தக் கலவைக்கென்று ஒரு சுங்கானை ஒதுக்கிவிடுங்கள். லட்டாக்கியா மரத்தில் ஊறினால் அடுத்துப் போடும் எதிலும் தலைகாட்டும். புது ஆளென்றால் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் செய்யப்படும் சோளப்பொத்திச் சுங்கான் போதும். விலை குறைவு, ஈரத்தையும் உறிஞ்சும். வீட்டுக்குள் பிடிக்க உங்களையும் விடமாட்டார்கள், பின்வளவுக்குத்தான் போவீர்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். காற்று ஊதினால் கிண்ணம் சூடேறி, உலர்த்திய பலனெல்லாம் வீணாகும். திறந்த டின்னில் மீந்ததைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். பழத்துண்டு வேண்டாம்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து உண்டு. புகைக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே பிடிப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்: நாக்கு எரிந்தால் உங்கள் ருசியைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள். முதலில் இலையை விரலால் அழுத்திப் பாருங்கள்.