பள்ளித் தோழன்

எங்கள் ஊர் குளித்தலை. திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் பெருவழியில், அகண்ட காவிரியின் தென்கரையில் அமைந்தது. எதிர்க்கரையில் முசிறி. ஆற்றில் நீர் வருவதையும் வற்றுவதையும் கொண்டே எங்கள் பள்ளியாண்டினைக் கணக்கிட்டுவிடலாம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது நெடுநாளைய வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. பள்ளி திறப்பதும் ஜூன் திங்களிலேயே. எனவே, புதுப் புனலும் புது வகுப்பும் ஏறக்குறைய ஒருங்கே வந்து சேரும். சனவரி 28இல் அணையை மூடுவர். தேர்வு நெருங்கும் மார்ச்சுத் திங்களில், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஆறு மணலாய்க் கிடக்கும்.

ஆறு முறை அம்மணலைக் கண்டு, விடுமுறை வந்துவிட்டது என மகிழ்ந்திருக்கிறேன். ஏழாம் முறையாகிய இவ்வாண்டு அவ்வாறு மகிழ இயலவில்லை. யான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பொதுத்தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வெளியேற வேண்டியவன். என் பாட்டனாரும் இதே பள்ளியில் பயின்றவர். அவர் காலத்தில் பள்ளிப்படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்தது. தமிழகப் பள்ளிகளில் மேனிலை வகுப்புகள் தோன்றியது 1978இல்தான். "எங்களினும் உங்களுக்குப் பள்ளியில் ஓராண்டு மிகுதியாகக் கிடைத்ததே, அதனை வைத்து என்ன செய்தீர்கள்?" என்று பாட்டனார் விளையாட்டாகக் கேட்பதுண்டு. இப்பொழுது அவ்வினா எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

எங்கள் வகுப்பில் 42 பேர். சிலர் கோவைக்குப் பொறியியல் கற்கச் செல்ல எண்ணியுள்ளனர். மாணவியர் இருவர் செவிலியர் பயிற்சியை நாடுகின்றனர். ஒருவன் படையில் சேர விரும்பி, விடியுமுன் எழுந்து ஆற்று மணலில் ஓடுகிறான். ஒருவரையொருவர் மறவாதிருக்கச் செல்பேசியில் ஒரு குழுவும் அமைத்தாயிற்று. நினைவேடுகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. என் நினைவேட்டில் ஏறக்குறைய எல்லாரும் எழுதியிருப்பது ஒரே சொல்: "மறவாதே." யானும் பிறருடைய ஏடுகளில் அதனையே எழுதினேன். எழுத எழுத என் கை கூசியது. அதன் காரணத்தைக் கூறவே இதனை எழுதுகிறேன்.

சென்ற திங்கள் வகுப்பினரை ஒருங்கே நிறுத்தி நிழற்படம் எடுத்தனர். ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்ந்தனர்; குட்டையானவர் தரையில் அமர்ந்தனர்; நெட்டையானவர் பின்னால் இருந்த விசிப்பலகைமேல் ஏறி நின்றோம். படம் பிடிப்பவர் கருவியின் பின்னிருந்து, "பின்வரிசையில் இடப்பக்கம் ஏன் இவ்வளவு இடைவெளி? தம்பி, நெருங்கி நில்" என்றார். அவர் குறிப்பிட்டது என்னைத்தான். எனக்கும் அடுத்தவனுக்கும் இடையே ஓராள் நிற்கத்தக்க இடம் இருந்தது. யான் அதனை அறிந்து விட்டேன் அல்லேன். இரண்டாண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பு நிழற்படம் எடுத்தபோது அவ்விடத்தில் என் நண்பன் நின்றிருந்தான். உடல் பழகிய இடத்திலேயே நின்றுவிட்டது போலும். யான் நகர்ந்து இடைவெளியை நிரப்பினேன். படமும் எடுத்து முடிந்தது.

பள்ளியில் தோன்றும் நட்பிற்கு நாம் காரணர் அல்லேம் என்றே கருதுகிறேன். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஆதலின், ஆறாம் வகுப்பில் ஆசிரியர் எங்களை ஒரே பலகையில் அமர்த்தினார். அவ்வளவே. அவனிடம் கவராயம் இல்லை. என்னிடம் அளவுகோல் இல்லை. இருவரும் ஒரு பெட்டியைக் கொண்டு வடிவியல் கற்றோம். பிற்பகலில் அவன் சத்துணவுக் கூடத்தில் உண்பான். யான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுடன் அவனருகே சென்று அமர்வேன். 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்த அவ்வுணவு எத்தனையோ சிறுவரைப் பள்ளியில் நிறுத்தியது என்று பாடநூலில் படித்திருக்கிறேன். என் நண்பனை அது பத்தாம் வகுப்பு வரை நிறுத்தியது என்பதனைக் கண்ணாரக் கண்டேன். அவன் எனக்கு நீந்தக் கற்பித்தான். யான் அவனுக்கு ஆங்கில இலக்கணம் கற்பித்தேன். நீச்சல் எனக்கு நன்கு வந்தது. இலக்கணம் அவனுக்கு அவ்வளவாக வரவில்லை. கணக்கில் அவனை வெல்ல எங்கள் வகுப்பில் எவரும் இலர்.

அவன் தந்தையார் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்தவர். நண்பன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவர் நோய்வாய்ப்பட்டார். மருத்துவத்திற்கு வாங்கிய கடன் வளர்ந்தது. தேர்வு முடிவு வந்தது. கணக்கில் அவன் என்னினும் மிகுதியான மதிப்பெண் பெற்றிருந்தான். யான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த வாரத்தில் அவன் கரூருக்குச் சென்றான். பேருந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்குக் கரூர் பெயர் பெற்றது. பாடி கட்டுதல் என்று எங்கள் பக்கத்தார் கூறுவர். அத்தகைய பட்டறை ஒன்றில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பகுதியில் அவனைச் சேர்த்தனர். அவனுக்குப் பிரிவு விழா நடைபெறவில்லை. நினைவேட்டில் எவரும் எழுதவில்லை. நள்ளாண்டில் நின்றிருந்தாலேனும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருப்பர். அதற்கும் இடமின்றிப் புதிய பதிவேட்டில் அவன் பெயர் எழுதப்படவே இல்லை.

புறப்படுமுன் என் வீட்டு வாயிலுக்கு வந்தான். "ஞாயிற்றுக்கிழமைகளில் பேசு" என்றான். "பேசுவேன்" என்றேன். முதல் திங்களில் இருமுறை பேசினேன். பின்னர்ப் புதிய பாடங்கள் வந்தன. புதிய தோழர்கள் வந்தனர். அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியும் வந்தது. அவன் அழைத்தபோது, "படித்துக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்றேன். சிறிது காலத்தில் அவனும் அழைப்பதை விட்டான்.

இவ்வளவே நடந்திருப்பின், இது மறதி என்று என்னை யானே தேற்றிக்கொள்வேன். ஆனால், இதனினும் இழிந்த ஒன்றைச் செய்தேன். சென்ற ஆண்டு தைத் திங்களில் ஒருநாள் மாலை, பேருந்து நிலையத்தில் தோழர்களோடு நின்று நகைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். கரூர்ப் பேருந்திலிருந்து அவன் இறங்கினான். பசையும் தூசும் படிந்த சட்டை. கையில் ஒரு துணிப்பை. என்னைக் கண்டு அவன் முகம் மலர்ந்தது. யான் என் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்குத் தொங்கிய செய்தித்தாள் ஒன்றைப் படிப்பவன்போல் நின்றேன். சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

எங்கள் தமிழாசிரியர் கோப்பெருஞ்சோழன் வரலாற்றைக் கற்பித்தது இதன்பின் சில திங்கள் கழித்து. அவன் உறையூரிலிருந்து ஆண்டவன். உறையூர் இந்நாளில் திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதி; எங்கள் ஊரைக் கடந்து செல்லும் காவிரி அடுத்துக் காண்பது அந்நகரையே. மக்களோடு மாறுபாடு கொண்ட அம்மன்னன் அரசினைத் துறந்து வடக்கிருந்தான். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார் என்னும் புலவர். இருவரும் நேரிற் கண்டதில்லை. ஆயினும், தன்னருகே அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்குமாறு சோழன் கூறினான். அவர் வருவாரோ என்று சூழ இருந்தோர் ஐயுற்றனர். தான் செல்வத்தில் இருந்த காலத்து வாராவிடினும், அல்லற்பட்ட இக்காலத்து வாராதிரார் என்றான் அவன். புலவர் வந்தார், உடன் வடக்கிருந்தார். 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் இவர்களைப் பற்றிய பாடல்கள் உள்ளன.

ஆசிரியர் இதனைக் கூறி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கண்டறியாதவர் எவ்வாறு நண்பராக இயலும்?" என்று வினவினான். ஆசிரியர் நகைத்து, "கண்டும் காணாதவராய் இருப்போர் மலிந்த உலகில் அது அவ்வளவு வியப்பா?" என்றார். அவர் என்னை எண்ணிக் கூறினாரல்லர்; என் செய்தி அவர் அறியார். ஆயினும், என் செவி சுட்டது. நட்பினைப் பற்றி வள்ளுவர் ஐந்து அதிகாரங்கள் வகுத்துள்ளார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. இவற்றுள், நெடுநாள் பழகியவரின் பிழையைப் பொறுப்பதைக் கூறும் பழைமை என்னும் அதிகாரத்தை அதுவரை மதிப்பெண்ணிற்காகவே மனப்பாடம் செய்திருந்தேன். பிழை செய்தவன் இருக்கும் பக்கத்திலிருந்து அதனைப் படிப்பது வேறு.

நிழற்படம் எடுத்ததற்கு அடுத்த ஞாயிறன்று நண்பன் வீட்டிற்குச் சென்றேன். அவன் அன்னையார் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். "வா தம்பி" என்று பாயை விரித்தார். அவன் பணிபுரியும் பட்டறை எங்குள்ளது என்று கேட்டேன். வழி கூறிவிட்டு, "அன்று பேருந்து நிலையத்தில் நீ அவனைக் கவனிக்கவில்லையாமே! 'பாவம் அம்மா, தேர்வுக் கவலையில் இருந்தான், என்னைப் பார்க்கவில்லை' என்று வந்து சொன்னான்" என்றார். அவர் தந்த நீரை அருந்த இயலாமல் குவளையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கரூர் எங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அன்றே சென்றேன். பொருள் ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியால் ஞாயிறன்றும் பட்டறையில் வேலை நடந்தது. கூரையின்றி, எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டங்களுடன் நான்கு பேருந்துகள் நின்றன. ஓரத்துக் கொட்டகையில் தையற்பொறியின் முன் அவன் இருந்தான். செயற்கைத்தோலை நீட்டிப் பிடித்து, ஊசியின் கீழ் அவன் செலுத்திய விரைவையும் தையலின் நேர்மையையும் கண்டேன். வடிவியல் வகுப்பில் கோடு வரைந்த அதே கை.

"என்னப்பா, தேர்வை வைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாய்?" என்றான்.

"அன்று பேருந்து நிலையத்தில் நான் உன்னைப் பார்த்தேன்" என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அவன் நூலை அறுத்தான். "தெரியும்" என்றான். சிறிது பொறுத்து, "இரண்டு நாள் உறக்கம் வரவில்லை. பிறகு வேலை மிகுதியாகிவிட்டது" என்றான். அவன் என்னை மன்னித்துவிட்டதாகக் கூறவில்லை, யானும் கேட்கவில்லை. எழுந்து சென்று, தெருமுனைக் கடையில் இரண்டு தேநீர் வாங்கிவந்தான். கடனில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதென்றும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விண்ணப்பிக்கப் போவதாகவும் கூறினான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தன்னிடம் இல்லை என்றான். என்னிடம் இருக்கிறது என்றேன். அப்புத்தகத்தின் ஓரங்களில் விடைகளை எழுதியிருப்பவன் அவன்தான்.

பையிலிருந்து நினைவேட்டை எடுத்து அவன்முன் வைத்தேன். பக்கங்களைப் புரட்டினான். எல்லாரும் எழுதியிருப்பதைப் படித்துப் புன்னகைத்தான். காலியாக இருந்த ஒரு பக்கத்தில், உறைகளில் அளவு குறிக்கும் நீலச் சுண்ணக்கட்டியால், தன் புதிய தொலைபேசி எண்ணை எழுதினான். அதன்கீழ், "ஞாயிறு, மாலை 6 மணிக்குமேல்" என்று எழுதினான். சுண்ணம் அழிந்துவிடுமே என்றேன். "அழிவதற்குள் அழைத்துவிடு" என்றான்.

திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மாயனூரைக் கடக்கையில் இருட்டிவிட்டது. முன்னிருக்கையின் உறையைத் தடவிப் பார்த்தேன். தையல் நேராகவே இருந்தது. அவன் தைத்ததா, பிறர் தைத்ததா என்று அறிய வழியில்லை.