பெரியப்பாவின் தீர்ப்பு

பல் சொத்தை என்றதும் எல்லோரும் வலியைப் பற்றியே பேசுகிறார்களேயன்றி, அந்த வலியைச் சாக்கிட்டு ஒரு வாலிபனின் வாழ்விலிருந்து என்னென்ன பறிபோகின்றன என்பதைச் சொல்வாரில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய நாட்களில், படுத்தால் தலைக்கு இரத்தம் ஏறித் தெறிப்பு இரட்டிக்கும் என்பதனால் சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் ரசாயனப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தும் ஒன்றும் மனத்தில் தங்காமல் விழித்துக்கொண்டிருந்த என்னை, சிரத்தையில்லாத பையன் என்று ஆசிரியர் முடிவு கட்டினார். ஒரு பக்கமாகவே மென்றதில் உணவின் ருசி போயிற்று. வாய் நாற்றத்துக்கு அஞ்சி நண்பர்களைவிட்டு எட்ட நின்றதில் கர்வி என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் காரணம் நான் தின்ற மிட்டாய் என்று உறவினர் இன்றும் சாதிக்கிறார்கள். மிட்டாய் தின்னாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது? காரணம், என் பெரியப்பா வழங்கிய தீர்ப்பு. சிறுவயதில் என் கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளி ஒன்றைக் கண்டு அம்மா வைத்தியரிடம் கிளம்பியபோது, "பால் பல்தானே, விழுந்து முளைக்கும், காசைக் கரியாக்காதே" என்று தடுத்துவிட்டார் அவர். ஆறு வயதை ஒட்டி, பாற்பற்களின் வரிசைக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைத்துவிடும் முதல் பெரிய கடைவாய்ப் பல், ஆயுள் பரியந்தம் இருக்கவேண்டிய நிரந்தரப் பல் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. அந்தப் பல்லின் மேற்பரப்பில், பிரஷ்ஷின் நார் எட்டாத பள்ளங்களில் தங்கும் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, அங்கே பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமல் சிறிது சிறிதாகக் கரைய, நரம்பை நெருங்கும் வரையில் பெரிதாக வலிப்பதுமில்லை. பெரியப்பாவின் தீர்ப்பு அத்தனை வருஷம் செல்லுபடியானது அதனால்தான். பால் பல்லேயானாலும், அடியில் வளரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது அதுவல்லவா?

சிகிச்சையைப் பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை: எக்ஸ்ரே, மரப்பு ஊசி, வேர் சிகிச்சை, மேலே ஒரு கேப். பிடுங்கிவிட்டால் சொற்பச் செலவு என்று அப்போதும் உபதேசித்தார்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பல் அதன்மேல் சாய்வதும், எதிர்ப்பல் அந்தப் பள்ளத்தை நோக்கி இறங்குவதும் அந்தக் கணக்கில் சேரவில்லை. செலவு செய்தேன், இன்று அந்தப் பல்லால்தான் முறுக்குக் கடிக்கிறேன்.

ஆகவே, ஆறு வயதுக் குழந்தை இருக்குமானால், டார்ச் அடித்துக் கடைவாயின் கோடியைப் பாருங்கள். புதிய பல் தென்பட்டால், அதன் பள்ளங்களைப் பூச்சுப் போட்டு மூட முடியுமா என்று பல் வைத்தியரைக் கேளுங்கள். ஃபுளோரைடு கலந்த பற்பசையில் பட்டாணியளவு போதும், இரவில் துலக்கியபின் பால்கூட வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவர் பகல் தூக்கத்துக்காகப் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போடும் வேளை பார்த்து, ஆட்சேபம் எழுமுன் குழந்தையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.