சிறு கருவிக்கு எந்தக் கம்பைலர்?



பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களில் மென்பொருள் பயிலும் பிள்ளைகள் பலர். மேசைக் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதில் வல்லவர்களான அவர்கள், ஒரு சிறு கருவிக்குள் இயங்கும் லினக்ஸுக்கு எழுதத் தொடங்கியதும் தடுமாறுவதுண்டு. பல வேளைகளில் குற்றம் நிரலில் இருப்பதில்லை. கம்பைலர் தேர்வில் இருக்கிறது.

சேலத்தில் இருக்கும் தம்பிக்குச் சிவாஜிநகர்த் தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறோம். தம்பி எதிரில் இல்லை. அளவு மட்டுமே கையில். குறுக்குக் கம்பைலரும் அப்படியே. அது ஓடுவது நம் மேசைக் கணினியில். அது ஆக்கித் தரும் நிரல் ஓடுவது வேறொரு செயலியில். அளவு தவறினால் சட்டை சேராது.

நம் ஊர்ச் சான்று

இந்திய அறிவியல் கழகத்தினரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001-இல் அறிமுகமானது. எழுத்தறியாதவரும் பயன்படுத்தும்படி இந்திய மொழிகளில் பேசும் கையடக்கக் கணினி அது. 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு பரவவில்லை. உள்ளே இருந்தது லினக்ஸ், செயலி ஸ்ட்ராங்ஆர்ம். அச்செயலியில் தசம எண் கணக்குக்கெனத் தனி உறுப்பு கிடையாது. அத்தகைய செயலிக்கு இரு வழிகள் உண்டு. ஒவ்வொரு தசமக் கட்டளையையும் கெர்னல் இடைமறித்துச் செய்வது ஒன்று. இது மிக மெதுவானது. கம்பைலரே அக்கணக்கைச் சாதாரணக் கட்டளைகளாக மாற்றித் தருவது மற்றொன்று, இது விரைவானது. ஒரு வழியில் ஆக்கிய நூலகத்தை மறுவழியில் ஆக்கிய நிரலோடு கலக்க முடியாது. ஆகவே முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

1. செயலி: எந்தத் தலைமுறை, தசம உறுப்பு உண்டா என்று பாருங்கள். டெபியனின் 'ஆர்ம்எச்எஃப்' கம்பைலர் ஆர்ம் ஏழாம் தலைமுறைக்கு உரியது. 2015-இல் வந்த ராஸ்பெரி பை ஸீரோ ஆறாம் தலைமுறை. அதில் அந்நிரலை இட்டால் 'முறையற்ற கட்டளை' என்று நின்றுவிடும்.

2. சி நூலகம்: ஜிலிப்சி முழுமையானது, பெரியது, மஸ்ல் சிறியது. கருவியில் இருப்பது எதுவோ அதற்கே ஆக்குங்கள். தவறினால் ஒரு விந்தை நிகழும்: கோப்பு கண்ணெதிரே இருக்கும், இயக்கினால் 'கோப்பு இல்லை' என்று விடை வரும். உண்மையில் இல்லாதது, அந்நிரல் தேடும் ஏற்றி. 'ரீட்எல்ஃப்' கொண்டு பார்த்தால் ஏற்றியின் பெயர் தெரியும். ஜிலிப்சியின் பதிப்பும் கருவியில் உள்ளதைவிடப் புதியதாக இருத்தலாகாது.

3. ஆயத்தமா, சொந்தமா? கற்போர்க்கு ஆயத்தக் கம்பைலரே போதும். கருவியின் முழு அமைப்பையும் நாமே ஆக்குவதானால் பில்ட்ரூட் எளிது. பல பொருள்களை ஆண்டுக்கணக்கில் பேண வேண்டிய நிறுவனத்துக்கு யோக்டோ பொருந்தும், கற்க நாளாகும்.

பிழை தேடல்

கருவியில் 'ஜிடிபிசர்வர்', மேசையில் 'ஜிடிபி'. இரண்டையும் வலைக் கம்பியால் இணைக்கலாம். நிரலை '-ஜி' குறியுடன் ஆக்கி, பெயர்க்குறிப்புகள் நீங்காத பிரதியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்; அவை நீக்கிய சிறு பிரதியைக் கருவிக்கு அனுப்புங்கள். கருவியிலுள்ள நூலகங்களின் அதே பிரதிகளை ஜிடிபிக்குக் காட்டுவதும் அவசியம். இல்லையேல் அது தவறான வரியைச் சுட்டும். நாமும் குற்றமற்ற வரியைத் திருத்திக்கொண்டிருப்போம்.

விற்ற கருவி ஐந்தாண்டு கழித்துப் பழுதாகலாம். அன்று பிழையைத் தேட, அதே கம்பைலரும் அதே பிரதியும் வேண்டும். எனவே பதிப்பு எண்ணை எழுதிவைத்து, கம்பைலரையே மூல நிரலுடன் சேமித்து வையுங்கள்.

பயிற்சி: உங்களிடமுள்ள ஒரு கருவியின் செயலித் தலைமுறை, தசம உறுப்பு, சி நூலகத்தின் பதிப்பு ஆகிய மூன்றையும் கண்டறிந்து எழுதுக. அதன்பின் கம்பைலரைத் தேடுக.