சென்னைக்குப் போகும் பேத்திக்கு

கண்ணு, இனி நெற்றியில் கை வைத்துப் பார்க்க நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். டாக்டரிடம் போவதா, இன்னும் ஒரு நாள் பார்ப்பதா என்று நீயேதான் முடிவெடுக்க வேண்டும். பயம் ஆளை ஓடவைக்கும், வீம்பு படுக்கவைக்கும். இரண்டுக்கும் நடுவில் நில்.

1. முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வை. எப்போது தொடங்கியது, எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு என்ன மாத்திரை என்று எழுதிக்கொள். உன் தாத்தா டாக்டரிடம் எப்போதும் "ரெண்டு நாளாத்தான்" என்பார். நான் காலண்டரில் குறித்தது வேறு கணக்கு சொல்லும். டாக்டரிடம் பொய் சொல்பவர், முதலில் தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

2. பொறுமையாக இரு, ஆனால் பொறுமைக்கும் கெடு வை. சாதாரணச் சளி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்துகொள். அரசு மருத்துவமனையில் இலவசம். எதிர்வீட்டுக்காரர் தூசு இருமல் என்றே ஆடாதோடைக் கஷாயம் குடித்துவந்தார். கடைசியில் அது காசநோய். கஷாயத்தைக் குறை சொல்லமாட்டேன். அதைச் சாக்காக்கியதுதான் தப்பு.

3. மழைக்காலக் காய்ச்சல் விட்டதும் அலட்சியமாகிவிடாதே. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் சிலருக்கு ஆபத்தே தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் தொடாதே.

4. வெட்கப்படாதே. ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி மார்பில் தட்டுப்பட்ட கட்டியை, வலிக்கவில்லை என்பதற்காக, தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். நீ சொல்லக் கூசுவதை அந்த டாக்டர் தினமும் கேட்கிறார்.

5. வீம்பு வேண்டாம். நெஞ்சு இறுக்கி, வியர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வாயு என்று சோடா குடித்து உட்காராதே. வாய் கோணினாலும் பேச்சு குழறினாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடு, நீயே வண்டி ஓட்டிப் போகாதே. நாய் கீறியது சின்னக் கீறல்தானே என்றும் இருந்துவிடாதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. அன்றைக்கே ஊசி போட்டுக்கொள். சொன்ன தவணை ஒன்றையும் விடாதே.

6. அடுத்தவர் மருந்தைக் கடன் வாங்காதே. அறைத்தோழி மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் அவளுக்கு எழுதியது. வைரஸால் வரும் சளிக்கு அது வேலையே செய்யாது.

7. தெரியாவிட்டால் கேள். 104-க்குப் போன் செய்தால் ஆலோசனை சொல்வார்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அதைத் தண்டச் செலவு என்று நினைக்காதே. பயத்தில் இன்னொரு டாக்டரைத் தேடியும் அலையாதே. சொன்ன நாளுக்குள் குறையவில்லையா, அவரிடமே திரும்பப் போய் "குறையலை" என்று தைரியமாகச் சொல்.