தேனீயிடமும் ஒரு ஆப்டிகல் மவுஸ்!

உங்கள் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆப்டிகல் மவுஸ். விளக்கின் அருகே ஒரு குட்டிக் கேமரா உள்ளது. இது மேஜையின் பரப்பை வினாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் படம் எடுக்கிறது. முந்தைய படத்தில் இருந்த புள்ளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்துள்ளன என்று கணக்கிட்டுக் கர்சரை நகர்த்துகிறது. எதுவும் இல்லாத வழுவழுப்பான கண்ணாடி மீது வைத்தால் பெரும்பாலான மவுஸ்கள் தடுமாறும். ஒப்பிடப் புள்ளிகளே இல்லையே!

தேன் தேடிச் சில கிலோமீட்டர் செல்லும் தேனீயும் தூரத்தை இப்படித்தான் அளக்கிறது. கீழேயும் பக்கங்களிலும் உள்ள காட்சி கண்ணில் எவ்வளவு ஓடியது என்பதே அதன் கணக்கு. பெங்களூரில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்து (நம்ம ஆள்!) ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த எம்.வி. ஸ்ரீனிவாசனின் குழு, 2000ஆம் ஆண்டில் இதை நிரூபித்தது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள குறுகலான சுரங்கப் பாதையில் தேனீக்களைப் பறக்க விட்டார்கள். கூட்டுக்குத் திரும்பும் தேனீ, உணவு இருக்கும் தூரத்தை நடனமாடி மற்ற தேனீக்களுக்குச் சொல்லும். இவையோ 100 மீட்டருக்கு மேல் பறந்ததாக ஆடின! சுவர் மிக அருகில் இருந்ததால் அதன் வடிவங்கள் கண்ணில் வேகமாக ஓடியதே காரணம். சுவரில் பறக்கும் திசையிலேயே நீளக் கோடுகள் போட்டபோது, தூரம் பதிவாகவே இல்லை. அதுதான் நம் கண்ணாடி மேஜை.

திசைக்குச் சூரியன். மேகம் மறைத்தாலும் ஒரு துண்டு நீல வானம் தெரிந்தால் போதும். அதன் ஒளியிலிருந்தே தேனீ சூரியனின் இடத்தைக் கண்டுகொள்ளும். திசையையும் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போவதால், கூடு எந்தப் பக்கம் என்பது எப்போதும் நினைவில் இருக்கும். சுமார் 10 லட்சம் நரம்பு செல்கள் மட்டுமே உள்ள மூளை இது!

இப்போது மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். தூக்கிச் சென்ற தூரம் கணக்கில் வராது. தேனீயைப் பிடித்து வேறு இடத்தில் விட்டாலும் இதே கதைதான். 2005இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ரேடார் வைத்துப் பார்த்தார்கள். தேனீ முதலில் பழைய கணக்கின்படி தவறான இடத்துக்கே பறந்தது. ஆனால் அங்கே சுற்றித் தேடிய பின், நேராகக் கூட்டை நோக்கித் திரும்பியது. மவுஸுக்கு இல்லாத ஒன்று இது: சுற்றுப்புற அடையாளங்களின் நினைவு. இளம் தேனீக்கள் முதல் பயணங்களில் கூட்டைப் பார்த்தபடி முன்னும் பின்னும் பறந்து இவற்றை மனப்பாடம் செய்கின்றன.

எனவேதான் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியை இரவில் மாற்றுகிறார்கள். பகலில் சில மீட்டர் தள்ளி வைத்தால், திரும்பி வரும் தேனீக்கள் பெட்டி முன்பு இருந்த வெற்றிடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும்.